திரும்பும் திகதி

ஓமந்தையில் ஒருவர் "வெளிநாடு போறார்" என்றால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். அவர் இனி வரமாட்டார். வந்தாலும் பதினைந்து வருடம் கழித்து, தலை நரைத்து, கோயில் திருவிழாவுக்கோ தாயின் அந்தியேட்டிக்கோ இரண்டு கிழமை வந்து போவார். ஆகவே, வருகிற டிசம்பர் விடுமுறையில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் இத்தாலிக்குப் போய் வரப்போகிறேன் என்று ஆசிரியர் ஓய்வறையில் நான் சொன்னபோது, "போய்" என்ற சொல் எல்லோருக்கும் கேட்டது. "வர" என்ற சொல் ஒருவருக்கும் கேட்கவில்லை. "அப்ப சேர், உங்கடை ஏழாம் ஆண்டு வகுப்பை ஆரிட்டைக் குடுக்கப்போறாங்கள்?" என்றார் ஓர் ஆசிரியை. இன்னொருவர் என் மோட்டார் சைக்கிளுக்கு விலை கேட்டார்.

எங்கே தங்குவீர்கள் என்ற கேள்விக்கு, "நாலு நாள் ஒரு வில்லாவிலை, மூண்டு நாள் ஒரு தோட்ட வீட்டிலை" என்றேன். அதோடு நான் பகிடி விடுகிறேன் என்று முடிவுசெய்து எல்லோரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பயணம் என்றால் எங்கள் தலைமுறைக்கு இரண்டு வகைதான் தெரியும். ஒன்று ஓடுவது. 1997 மே 13ஆம் திகதி ஜெயசிக்குறு தொடங்கிய கையோடு நாங்கள் ஊரைவிட்டு ஓடினோம். "ரெண்டு கிழமையிலை வந்திடலாம்" என்று ஐயா சொன்னார். அம்மா அதை நம்பி, ஊறப்போட்ட உளுந்தை மட்டும் மாட்டுக்கு வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினா. அந்தச் சாவி ஐந்து வருடம் அவவின் இடுப்பில் இருந்தது. 2002இல் திரும்பி வந்தபோது சாவி இருந்தது, கதவு இல்லை.

மற்றது பாஸ் பயணம். தொண்ணூறுகளில் வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போக ஒரு பாஸ். வன்னிக்குள்ளிருந்து வெளியே வர இன்னொரு தரப்பின் பாஸ். இரண்டுக்கும் பிணை நிற்க ஆள் வேண்டும். நீங்கள் வராவிட்டால் அந்த ஆள் பதில் சொல்லவேண்டும். இரண்டிலும் திரும்பும் திகதி இருக்கும். ஆனால் அது உங்கள் விருப்பப்படி எழுதிய திகதியல்ல. எங்கள் ஊரின் பெயரையே நாட்டில் பலர் ஒரு சோதனைச்சாவடியின் பெயராகத்தான் அறிந்திருந்தார்கள். 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது மாதக்கணக்கில் எத்தனை ஆயிரம் பேர் பொதிகளை அவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார்கள்! 2015 ஆகஸ்டில் அதை அகற்றியபோது, வீதி இவ்வளவு அகலமா என்று ஊர்ச் சனம் வியந்தது.

ஆகவே ஷெங்கன் விசா விதிகளை மகள் கணினியில் எடுத்துத் தந்தபோது எனக்கு அவை புதிதாகப் படவில்லை. போகிற திகதி, வருகிற திகதி, இரண்டுக்கும் விமானப் பதிவு. எங்கே தங்குவீர் என்பதற்கு ஒவ்வோர் இரவுக்கும் முகவரி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி. வங்கிக் கணக்கு விபரம். தொழில்கொடுப்பவரின் கடிதம், என்னைப் போன்ற அரசாங்க உத்தியோகத்தருக்கு வெளிநாட்டு லீவு அனுமதியும். இவ்வளவுக்கும் பின்னால் உள்ள கேள்வி ஒன்றுதான்: நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன பிணை? ஆளுக்கு 90 யூரோ கட்டணம். பன்னிரண்டு வயதைத் தாண்டிய மகளுக்கும் அதே கட்டணம். மூவருக்கும் எங்கள் காசில் தொண்ணூறாயிரம் ரூபாவுக்கு மேல். விசா மறுத்தால் திருப்பித் தரமாட்டார்கள். பழைய பாஸுக்குக் கால்கடுக்க நின்றோம், காசு கட்டவில்லை. அந்த அளவில் அது மலிவு.

காணி உறுதி இருந்தால் இணைப்பது நல்லது என்றார்கள். வன்னியில் எங்களில் பலருக்கு உறுதி ஏது? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம்தான். ஐயாவின் பெயரில் உள்ள அந்தப் பழுப்புக் கடதாசியை, இரண்டு இடப்பெயர்விலும் பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றியதை, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறேன். இரண்டரை ஏக்கர் வயலும் ஒரு கிணறும் எனக்குப் பிணை நிற்கப் போகின்றன.

இனி அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தப் பயணமே அவருடைய பிடிவாதம்.

1989இல் அண்ணைக்கு இருபது வயது. யாரோ ஒரு முகவர் ஜேர்மனி என்று சொல்லி ஏற்றியவர் சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் நின்றார். அடுத்த வருடம் இத்தாலியில் மார்த்தெல்லி சட்டம் என்று ஒன்று வந்தது. 1989 முடிவதற்குள் நாட்டுக்குள் வந்துவிட்டவர்கள் பதிந்து பத்திரம் பெறலாம் என்றது. அண்ணையும் பதிந்தார். இத்தாலியில் இலங்கையர் என்றால் மிலானோ, நாப்போலி, வென்னப்புவப் பக்கத்துச் சிங்களச் சகோதரர் என்றுதான் பொதுவாக நினைப்போம். பலெர்மோவில் கணிசமானவர்கள் எங்கள் வடபகுதித் தமிழர். பெரும்பாலும் செய்வது ஒரே வேலை: மற்றவர்களின் வீட்டைக் கூட்டித் துடைப்பது, சமைப்பது, வயோதிபரைப் பார்ப்பது.

பலெர்மோவுக்குப் பக்கத்தில் மொண்டெல்லோ என்று ஒரு கடற்கரை. முன்பு சதுப்பு நிலமாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் திருத்தி, பணக்காரர் கோடைகாலத்துக்கு வில்லாக்கள் கட்டினார்கள். கொடி, பூ, வளைவு என்று ஒரு பாணி. அப்படி ஒன்றில் அண்ணை இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். எந்தப் படி ஈரத்தில் வழுக்கும், எந்த யன்னல் தென்காற்றுக்கு அடிக்கும், எந்தக் கண்ணாடிப் பாத்திரம் பாட்டியின் சீதனம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டுக்கார அம்மா நோயில் கிடந்த காலத்தில் இரவிரவாகக் கதிரையில் இருந்திருக்கிறார். ஆனால் அந்த வீட்டுக் கட்டில் ஒன்றில் ஒரு நாளும் படுத்ததில்லை. அம்மா இறந்தபின் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள்.

நாங்கள் வந்தால் அவருடைய இரண்டு அறை வீட்டில் நெருக்கிக்கொண்டு படுக்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வட்ஸ்அப்பில் அண்ணை கத்தினார். "தம்பி, நான் முப்பது வருஷமா வில்லா கூட்டினனான். என்ரை தம்பி ஒரு வாத்தியார். அவன் வந்து நாலு நாள் அதிலை படுத்தெழும்பவேணும். நானும் வந்து உங்களோடை படுப்பன். காசைப் பற்றிக் கதையாதை."

காசைப் பற்றிக் கதைக்காமல் எப்படி? பாதி நான் தருவேன் என்று ஒத்துக்கொள்ள வைக்க ஒரு மாதம் எடுத்தது. டிசம்பர் என்பதால் வாடகை விழுந்து கிடக்கிறது. ஆகஸ்ட் நடுப்பகுதியில் கேட்டால் அதே வீட்டுக்கு நினைத்துப் பார்க்க முடியாத விலை; ஓகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை. குளிர்காலத்தில் வேறு செலவு உண்டு. வீட்டைச் சூடாக்கும் எரிபொருளுக்குத் தனிக் காசு கேட்கிறார்கள். அதற்கும் சட்டம் இருக்கிறது: நாட்டைக் குளிரின்படி வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பலெர்மோவுக்கு வழமையான விதி டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, நாளுக்கு எட்டு மணித்தியாலம். மீதிப் பதினாறு மணித்தியாலத்துக்கு அம்மாவின் பழைய கம்பளியை மனைவி வெயிலில் காயவிட்டிருக்கிறா.

வாடகைக்கு விடும் வீடுகளில் பொய் வீடுகளும் உண்டாம். படத்தில் உள்ள வீடு அந்தத் தெருவிலேயே இராது. அதற்கு அண்ணை ஒரு வழி சொன்னார். 2025 தொடக்கத்திலிருந்து, விடுமுறைக்கு வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் அரசாங்கம் கொடுக்கும் அடையாள இலக்கம் ஒன்று விளம்பரத்திலும் வாசலிலும் இருக்கவேண்டும். இலக்கம் இல்லையென்றால் அந்தப் பக்கம் போகவேண்டாம். முற்பணம் முழுவதையும் முன்னரே கேட்பவனிடமும் போகவேண்டாம். இரண்டையும் கேட்டுத்தான் மொண்டெல்லோ வீட்டைப் பிடித்தோம்.

இன்னொரு விதியைக் கேட்டபோது மனைவியின் முகம் மாறியது. விருந்தினர் வந்து இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் அவர்களின் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு விபரங்களை வீட்டுக்காரர் பொலிசுக்கு அனுப்பவேண்டும். இத்தாலியனுக்கும் அதே விதிதான். "இஞ்சாருங்கோ, அங்கையும் பொலிஸ் பதிவோ?" என்றா. கொழும்பில் அறை எடுத்த இரவுகளில், குடும்ப விபரப் படிவத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு சப்பாத்துச் சத்தத்துக்குக் காத்திருந்தவள் அவள். அங்கே கணினியில் அனுப்புவார்கள், ஆள் வந்து கதவைத் தட்டாது என்று அண்ணை சொன்ன பிறகும், அந்தப் பதிவின் பிரதி ஒன்று கையில் வேண்டும் என்கிறா. கேட்டுத் தருவதாக அண்ணை வாக்குக் கொடுத்திருக்கிறார்.

மற்ற மூன்று நாளை எங்கே கழிப்பது என்று முடிவுசெய்தது என் கலாசாலைக் காலத்து நண்பர். முல்லைத்தீவு மாவட்டத்துக்காரர். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பன்னிரண்டு வயதுப் பையனாகப் புத்தளம் முகாமுக்குப் போனவர். யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பி அங்கேயே படிப்பிக்கிறார். சிசிலி என்றதும், "மச்சான், இப்னு ஜுபைர் போன இடத்துக்கெல்லோ போறாய்" என்றார்.

இவ்விதழ் வாசகர்களுக்கு இப்னு ஜுபைரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் நான் அறிந்தது இப்போதுதான். அந்தலூசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பியவரின் கப்பல் 1184 டிசம்பரில் மெஸ்ஸீனாக் கரையில் உடைந்தது. நாங்களும் டிசம்பரில்தான் போகிறோம். விமானம் உடையாமல் இருக்கவேண்டும். கரைசேர்க்கும் படகுக்காரர் கேட்ட கூலியைக் கொடுக்க வழியில்லாத ஏழை முஸ்லிம் பயணிகளுக்காக, கிறிஸ்தவ அரசன் இரண்டாம் வில்லியம் தானே காசு கொடுத்தான் என்று எழுதி வைத்திருக்கிறார். பலெர்மோவில் கிறிஸ்மஸ் நாளில் கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போல உடுத்து, மருதாணி இட்டு, சரளமாக அரபு பேசிக்கொண்டு போனதையும் எழுதியிருக்கிறார்.

அவருக்கு இருநூறு வருடம் முன்னர், 973இல், இப்னு ஹௌகல் வந்தார். அவருக்குப் பலெர்மோவாசிகளைப் பிடிக்கவில்லை. பச்சை வெங்காயம் தின்று மூளை மழுங்கியவர்கள் என்கிறார். அதைவிட, ஊரில் முந்நூறு பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், போருக்குப் போகாமல் தப்பத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள் என்று திட்டுகிறார். நண்பர் இதைத் தொலைபேசியில் வாசித்தபோது இருவரும் சிரித்தோம். ஒரு காலத்தில் எங்களைப் பார்த்தும் இதைச் சொன்னவர்கள் உண்டு. யுத்தத்தில் சுண்ணக்கட்டியைப் பிடித்த கை துவக்கைப் பிடித்த கையைவிடக் கேவலமானதா என்ன? இப்னு ஹௌகலோடு எனக்கு இந்த விடயத்தில் உடன்பாடில்லை.

அல்-இத்ரீஸி இதே பலெர்மோவில் இருந்துகொண்டு, இரண்டாம் ரோஜர் மன்னனுக்காக 1154இல் உலகப் புவியியல் நூலை முடித்தார். அதில் எங்கள் தீவும் இருக்கிறது. சரந்தீப் மன்னனுக்குப் பதினாறு அமைச்சர்கள், நாலு பேர் அவனுடைய சமயத்தவர், நாலு பேர் முஸ்லிம், நாலு பேர் கிறிஸ்தவர், நாலு பேர் யூதர் என்கிறார். உண்மையோ யாரோ வணிகன் அளந்த கதையோ, சமூகக்கல்விப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப தமிழாக்கள் எத்தினை பேர் சேர்?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

இப்னு ஜுபைர் எழுதியவற்றில் ஓர் இடத்தை மட்டும் நண்பர் வேகமாக வாசித்துவிட்டுப் போனார். திறாப்பனி நகரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர், கன்னிப் பருவத்தை எட்டிய தன் மகளை, ஊர் திரும்பும் ஹாஜிமாரில் ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்துவிட விரும்புகிறார். கட்டிக்கொண்டு போங்கள், முஸ்லிம்களின் நாட்டில் அவள் பிழைத்துக்கொள்ளட்டும் என்கிறார். பிள்ளையும் சம்மதிக்கிறாள். அந்நியன், நேற்றுத்தான் கண்டவன். அவனிடம் மகளைக் கொடுக்கும் அளவுக்கு நாளையைப் பற்றிய பயம். வன்னியில் 2008இல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்களே, அந்தத் தாய் தகப்பன்மாரில் சிலரை எனக்குத் தெரியும். நண்பர் புத்தளம் முகாமில் கண்டதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திறாப்பனிப் பெரியவரின் பயம் வீண் பயமல்ல. அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் பிரெடெரிக் சிசிலியின் முஸ்லிம்களைக் கூட்டம் கூட்டமாகத் தென் இத்தாலியின் லூச்சேராவுக்கு நாடுகடத்தினான். 1300இல் அந்தக் குடியிருப்பையும் கலைத்து, மக்களை அடிமைகளாக விற்றார்கள்.

அவர்கள் விட்டுப்போனது மண்ணிலும் சொல்லிலும் இருக்கிறது. பலெர்மோவில் சீஸா என்று ஒரு மாளிகை உண்டு. அல்-அஸீஸ் என்ற அரபுச் சொல்தான் மருவி இப்படி ஆனது. 1165இல் தொடங்கிய அரசனின் கோடைகால வீடு; மண்டபத்தின் நடுவால் நீர் ஓடவிட்டு, கடற்காற்றை வாங்கிக் குளிர்ச்சியாக வைத்திருந்தார்களாம். வில்லா என்றால் அதுவல்லவா வில்லா! தோட்ட வீடுகளில் ஜெபியா என்று கல்லால் கட்டிய நீர்த்தொட்டி இருக்கும். அதுவும் அரபுச் சொல். மழைக்காலத்தில் நிரப்பி, கோடையில் வாய்க்காலால் தோடை மரங்களுக்கு விடுவது. இப்போது சில இடங்களில் அதையே விருந்தினருக்கு நீச்சல் தடாகமாக மாற்றியிருக்கிறார்கள். குளத்தை நம்பி வாழும் வன்னியானுக்கு அது கொஞ்சம் வயிற்றெரிச்சல். ஆனாலும் பார்க்க ஆசை.

அதனால்தான் மூன்று நாளுக்கு சம்பூக்கா என்ற ஊர்ப்பக்கத்துத் தோட்ட வீடு. விவசாயி தன் பண்ணையிலேயே விருந்தினரை வைத்து உணவு கொடுக்க 1985இலிருந்து அங்கே சட்டம் இருக்கிறது. சம்பூக்கா 1923 வரை சம்பூக்கா ஸாபூத் என்ற அரபுப் பெயரோடு இருந்தது. முசோலினியின் காலத்தில் பின்பாதியை வெட்டினார்கள். பக்கத்தில் அரான்சோ என்று ஒரு நீர்த்தேக்கம், பாசனத்துக்காக 1950களில் கட்டியது. தண்ணீர் வற்றினால் உள்ளே மூழ்கிக் கிடக்கும் பழைய அரபுக் கோட்டை வெளியே தெரியும். அரான்சோ என்றால் தோடை. அந்தச் சொல்லுக்கும் எங்கள் நாரத்தைக்கும் உறவு உண்டென்று சொல்லாராய்ச்சிக்காரர் சொல்வார்கள்.

சம்பூக்காவின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது வேறு காரணத்தால். ஊரவர்கள் வேலை தேடி வெளியேறி வீடுகள் பாழடைந்ததால், 2019இல் நகரசபை வெற்று வீடுகளை ஒரு யூரோ தொடக்க விலையில் ஏலத்துக்கு விட்டது. வாங்குபவர் மூன்று வருடத்துக்குள் திருத்தவேண்டும். படங்களைப் பார்த்தேன். கூரை விழுந்த வீடுகள், உள்ளே முளைத்த மரம், கொளுவிய சட்டையோடு ஒரு சுவர் அலுமாரி. மகள் "வடிவா இருக்கப்பா" என்றாள். அவளுக்குப் பதினைந்து வயது. 2009க்குப் பிறகு பிறந்தவள். நான் அந்தப் படங்களில் பார்த்தது ஏ-9 வீதியின் இரு பக்கத்தையும்தான்.

மகளுக்கு ரோமாபுரி பார்க்கவேண்டும் என்று ஆசை இருந்தது. பத்து நாளில் முடியாது என்று சொல்லிவிட்டேன், கோபம். பெரியப்பா சமாதானத்துக்கு ஒரு குளிர்ச்சட்டை வாங்கிவைத்திருக்கிறார். மனைவிக்குப் பெலெக்ரீனோ மலையில் உள்ள ரொசாலியா மாதாவின் குகைக் கோயிலுக்குப் போகவேண்டும். 1624இல் கொள்ளைநோயிலிருந்து பலெர்மோவைக் காத்தவர் என்று ஊர் நம்பும் புனிதை. இப்போது எங்கள் தமிழ்ச் சனம், சைவரும் கத்தோலிக்கரும், நேர்த்தி வைத்து அந்த மலை ஏறுகிறார்கள். பாறையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலியால் ஏந்தி விடுகிறார்களாம். அண்ணைக்குப் பத்திரம் கிடைத்த வருடம் அம்மா இங்கிருந்து வைத்த நேர்த்தி ஒன்று பாக்கி இருக்கிறது என்று இவ சொல்கிறா.

அண்ணை கேட்டது கறிவேப்பிலைக் கன்று. கொண்டுபோக விடமாட்டார்கள். செடியும் மண்ணும் மட்டுமல்ல, இறைச்சி, பால் வகையும் ஐரோப்பாவுக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. சான்றிதழ் இல்லாமல் போகக்கூடிய பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டூரியான். எங்கள் வளவுத் தேங்காய் ஆறு உரித்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு பிரச்சினை முளைத்தது. மொண்டெல்லோ வீட்டின் கணக்கில், நாலு இரவு வாடகைக்கு மேலே "இறுதிச் சுத்திகரிப்பு" என்று 60 யூரோ. நாங்கள் வெளிக்கிட்ட பிறகு வீட்டைக் கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றுவதற்கு. இவவுக்கு அது பொறுக்கவில்லை. "அத்தானிட்டைச் சொல்லுங்கோ, நான் கூட்டிப்போட்டு வருவன். இருந்த வீட்டைக் கூட்டாமல் ஆரும் வெளிக்கிடுறதே? இருபதாயிரம் ரூபாவுக்கு மேலையெல்லோ!" என்றா. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: "கூட்டுறதெண்டால் கூட்டட்டும், தம்பி. நானும் சேர்ந்து கூட்டுவன், எனக்கும் கை சும்மா இராது. ஆனா அந்த அறுபது யூரோவைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்காரனுக்கு எழுதாதை. அந்த வீட்டுக்கு வாறது எங்கடை பெட்டை ஒண்டு, முல்லைத்தீவுப் பக்கம். எனக்குத் தெரியும்."